இன்ஷியலைப் பார்க்காமல் இரண்டு கடைக்காரர்களை ஒருவராக்கிவிட்டீர்கள்

அனுப்புநர்:
காலண்டர் விற்பனை முகவர், சிவகாசி.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.

பொருள்: கேட்காமல் தொடர்புகளை இணைத்ததால் வந்த நஷ்டம்.

ஐயா,

வணக்கம். மூன்று வருஷமாக என் 1,400 வாடிக்கையாளர்களின் விவரமும் உங்கள் மென்பொருளில்தான் இருக்கிறது. சிவகாசியில் ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம், அதாவது புது வருஷ மாடல்களின் மாதிரித் தொகுப்பு, வந்துவிடும். அன்றிலிருந்து ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுப்போம். எந்தக் கடைக்கு எந்த மாடல், அடியில் என்ன பெயர், என்ன நம்பர் என்பதை அங்கேயே செல்போனில் ஏற்றிவிடுவோம்.

செப்டம்பர் அப்டேட்டில், ஒரே ஆள் என்று தெரிந்த தொடர்புகளை இணைத்துவிட்டதாக ஒரு வரி வந்தது. யார் யாரை என்று சொல்லவில்லை. கோவில்பட்டியில் எனக்கு ஒரே பெயரில் இரண்டு பேர் உண்டு. ஒருவர் பாத்திரக்கடை, அவருடைய சித்தப்பா மகன் மளிகைக்கடை. தாத்தா பெயரை இரண்டு பேருக்கும் வைத்திருக்கிறார்கள். ஒரே கட்டடம், ஒரே லேண்ட்லைன். இன்ஷியல் மட்டும்தான் வேறு. அதை உங்கள் மென்பொருள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

மளிகைக்கடை அண்ணாச்சி என் கண்முன்னால்தான் காலண்டர் கட்டைப் பிரித்தார். முருகன் படத்துக்குக் கீழே பாத்திரக்கடையின் பெயர். 500 காலண்டரும் அப்படியே. "உங்கப்பா காலத்துல இருந்து வாங்குறேன், என் கடைப் பேரு உனக்குத் தெரியாதா தம்பி?" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. புதிதாக அடித்துக் கொடுத்ததில் 18,500 ரூபாய் கைவிட்டுப் போனது. அதைவிட அந்தக் கேள்விதான் இன்னும் உறுத்துகிறது.

புகார் செய்தால், இணைத்ததைப் பிரிக்க வழியில்லை என்கிறார்கள். சரி, பழைய பேக்கப்பை வைத்து நானே சரிசெய்யலாம் என்று எக்ஸெலில் திறந்தேன். தமிழ்ப் பெயரெல்லாம் புரியாத கிறுக்கலாக வந்தது. 91-இல் தொடங்கும் செல் நம்பர்கள் 9.19E+11 என்று நின்றன. அதை அப்படியே சேமித்து ஏற்றினால் இருக்கிற நம்பரும் போய்விடும்.

எங்கள் பக்கம் இன்ஷியல் என்பது அப்பா பெயரின் முதல் எழுத்து. உங்கள் படிவத்தில் அதற்கென்று தனி இடமே கிடையாது. கடைசிப் பெயர் இல்லாமல் சேமிக்கவும் விடுவதில்லை என்பதால் எல்லோருக்கும் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்திருக்கிறோம். இன்ஷியலுக்குத் தனிக்கட்டம் கொடுங்கள். இரண்டு பேரை இணைக்கும் முன் இருவரின் விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி என்னைக் கேளுங்கள். தவறாக இணைத்தால் பிரிக்க ஒரு பட்டன் வேண்டும்.

அதற்கெல்லாம் நாளாகும் என்று தெரியும். ஆனால் செப்டம்பரில் என் கணக்கில் யார் யாரை இணைத்தீர்கள் என்ற பட்டியல் இந்த வாரமே வேண்டும். இன்னும் 60 கடைகளின் ஆர்டரை பிரஸ்ஸுக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டுப் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறோம். 18,500 ரூபாய்க்கான பில்லை இணைத்துள்ளேன். அதற்கும் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்