தங்கச்சி சேரப்போகும் கல்லூரி: பாஸ்டனில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள ராசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஃபோனில் பேச ஆரம்பித்தால் நீயும் நானும் ஒரே நேரத்தில் பேசுவோம், கடைசியில் யார் சொன்னதும் யார் காதிலும் ஏறாது. அதனால்தான் கடிதம்.

தங்கச்சி இங்கே கூப்பர்டினோவில் இருக்கும் டி ஆன்சா என்கிற இரண்டு வருடக் கம்யூனிட்டி காலேஜில் சேரப்போகிறாள் என்றதும், "கம்யூனிட்டி காலேஜ்ல படிப்பு இருக்கும்மா, காலேஜ் லைஃப் எங்க இருக்கு? கிளாஸ் முடிஞ்சா அவனவன் காரை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிருவான்" என்றாய். பாதி சரிதான். டி ஆன்சா வளாகத்துக்குள் ஹாஸ்டல் கிடையாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்டீவன்ஸ் க்ரீக் சாலையில் நின்று பார்த்தால் கல்லூரியே வெளியே ஓடுகிற மாதிரி இருக்கும். மீதிப் பாதியை நான் சொல்கிறேன். நானும் இப்போது அங்கே மண்பாண்ட வகுப்பில் ஒரு மாணவிதானே.

பணக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். பாடங்களை யூனிட் கணக்கில் எடுக்க வேண்டும், கலிஃபோர்னியாக்காரர்களுக்கு யூனிட் 31 டாலர். வருடத்துக்கு 45 யூனிட் எடுத்தாலும் படிப்புக் கட்டணம் 1,400 டாலருக்குள் அடங்கிவிடும். நீ சான் டியாகோவில் படித்தபோது ஒரு குவார்ட்டருக்கு, அதாவது மூன்று மாதப் பருவத்துக்கு மட்டுமே அப்பா இதைப்போல மூன்று மடங்குக்கு மேல் கட்டினார். இரண்டு வருடம் இங்கே முடித்துவிட்டு அவளும் உன்னைப்போல யூசிக்கு, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு டிரான்ஸ்ஃபர் போகலாம். அப்பா இதிலேயே சமாதானமாகிவிட்டார். நீதான் ஆகவில்லை, அதனால் மேலே படி.

வசந்த குவார்ட்டர் ஏப்ரல் தொடக்கத்தில் ஆரம்பிக்கும். ஆரம்பித்த சூட்டோடு கிளப் டே. மதிய வேளையில் நடு முற்றம் முழுக்க மடக்கு மேசைகள். ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு மேசை, கையால் எழுதிய ஒரு சார்ட், பேர் எழுத ஒரு தாள், ஆளை இழுக்க ஒரு தட்டு மிட்டாய். ரோபோ செய்கிறவர்களுக்குப் பக்கத்தில் ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள், அவர்களுக்குப் பக்கத்தில் பைபிள் படிக்கிறவர்கள். ஹாஸ்டல் இல்லாத இடம் என்பதால் எல்லாமே மதியத்தில்தான் நடக்கிறது. ராத்திரி நிகழ்ச்சி வைத்தால் பாதிப் பேர் வேலைக்குப் போயிருப்பார்கள், அல்லது தம்பி தங்கைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருப்பார்கள்.

நான் கவனித்த ஒன்று உனக்குப் பிடிக்கும். மேசைக்குப் பின்னால் நிற்கிற பிள்ளைகளில் நிறையப் பேர் போன இலையுதிர் காலத்தில் சேர்ந்தவர்கள். இரண்டு வருடத்தில் ஆள் மாறிக்கொண்டே இருக்கிற இடத்தில் சீனியர் என்று யாரை எதிர்பார்ப்பது? வந்த வருடமே தலைவராகவோ பொருளாளராகவோ ஆகிவிட வேண்டியதுதான். நீ சான் டியாகோ தமிழ் சங்கத்தில் நாற்காலி தூக்குவதிலிருந்து மைக் பிடிக்கும் இடத்துக்கு வர மூன்றாம் வருடம் ஆயிற்று, ஞாபகம் இருக்கிறதா? இங்கே பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி மாணவர் பேரவைக் கூட்டத்தில் நின்று, ஒலிபெருக்கி வாடகைக்குப் பணம் கேட்டு வாதாடுகிறாள். மாணவர்கள் கட்டுகிற தொகையிலிருந்து எந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு என்று மாணவர்களே உட்கார்ந்து பிரிக்கிறார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை பார்க்கிங்கில் பழைய சாமான் சந்தை நடக்குமே, அதை நடத்தியதும் மாணவர் அமைப்புதான். கோவிடோடு அது நின்றுபோனது. அப்பாவுக்கு இன்னும் வருத்தம்.

இந்த ஏப்ரலில் நடந்ததைக் கேள். புத்தாண்டுக்கு மறுநாள் நான் வகுப்புக்கு மாங்காய்ப் பச்சடி கொண்டு போயிருந்தேன். பக்கத்துச் சக்கரத்தில் மண் பிசைகிற பர்மாக்காரப் பெண், "எங்களுக்கும் இப்போதுதான் புத்தாண்டு, ஊரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள்" என்றாள். தாய்லாந்துப் பையனும் அதையே சொன்னான். பஞ்சாபி அம்மா ஒருவர் வைசாகி என்றார். வேப்பம்பூவை மென்றுவிட்டு அந்தப் பர்மாப் பெண் முகத்தைச் சுளித்தாளே, அதை நீ பார்த்திருக்க வேண்டும். அப்புறம் இன்னொரு கரண்டி கேட்டாள்.

அதே வகுப்பில் வியட்நாமியத் தாத்தா ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பெரியவர், பேச்சு குறைவு. ஏப்ரல் 30 அன்று மட்டும் வகுப்புக்கு வரவில்லை. 1975-இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்து போர் முடிந்த நாள் அது. வியட்நாமுக்கு வெளியே வியட்நாமியர்கள் அதிகம் வாழும் நகரம் நம் சான் ஹோசேதான் என்பதால், கல்லூரியிலும் அந்த நாளின் கனம் தெரியும். அடுத்த வகுப்பில் அவர் வழக்கம்போல வந்து மண்ணைத் தட்ட ஆரம்பித்தார். நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மே மாதம் ஆசிய அமெரிக்கர்களின் மரபு மாதம். ஏன் மே என்று எனக்கும் இந்த வருடம்தான் தெரிந்தது. பதிவில் இருக்கிற முதல் ஜப்பானியர் இந்த நாட்டுக்கு வந்தது 1843 மே மாதம். சீனத் தொழிலாளிகள் உயிரைக் கொடுத்துப் போட்ட கண்டம் தாண்டும் ரயில் பாதை முடிந்தது 1869 மே 10. அதையொட்டிப் பேச்சு, படம், நடனம் என்று மாதம் முழுக்க ஏதாவது இருக்கும். எல்லாவற்றையும் புகழமாட்டேன். ஒரு கருத்தரங்கில் பேச வந்தவர்களைவிடக் கேட்க வந்தவர்கள் குறைவு, அதிலும் இரண்டு பேர் பீட்ஸா வந்ததும் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார்கள். மைக் கொர்ரென்று கத்தும், அறிவித்தவர் ஒருவர் வந்து நிற்பவர் வேறொருவர். ஆனால் அன்றைக்கு அந்த வெற்று நாற்காலிகளுக்கு முன்னால் ஒரு நர்சிங் மாணவி தன் பாட்டியின் கதையை எழுதி வாசித்தாள். கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. கூட்டம் நிறைந்திருந்தால் அவள் எழுந்து வந்திருப்பாளா என்பது சந்தேகம்.

இப்போது என் சமாச்சாரம். யூஃப்ராட் அருங்காட்சியகம் தெரியுமல்லவா, ஸ்டீவன்ஸ் க்ரீக் சாலைப் பக்கம் நாடக அரங்கத்தை ஒட்டி இருப்பது. 1971-இலிருந்து இருக்கிறது, இப்போதைய கட்டடம் 2009-இல் வந்தது. குவார்ட்டர் முடிகிற சமயத்தில் அங்கே மாணவர்களின் ஓவியம், சிற்பம், போட்டோ எல்லாவற்றையும் வைப்பார்கள். எங்கள் வகுப்பிலிருந்து போகிற சாமான்களில் என்னுடைய ஒரு சாடியும் இருக்கிறது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஊறுகாய்ச் சாடி மாதிரி செய்து, பாதி உயரத்துக்கு மட்டும் நீலப் பூச்சு கொடுத்தேன். சூளைக்குள்ளே பூச்சு உருகி ஒரு பக்கமாக வழிந்து, அடிக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் தட்டோடு ஒட்டி, உளி வைத்து உடைத்துத்தான் எடுத்திருக்க வேண்டும். அந்த வழிசலைப் பார்த்துத்தான் ஆசிரியை தேர்ந்தெடுத்தார். என் திறமை அதில் எவ்வளவு, சூளையின் திறமை எவ்வளவு என்று என்னைக் கேட்காதே.

கல்லூரியின் பெரிய அரங்கமான ஃப்ளின்ட் சென்டரைப் பற்றி நீ கேட்டாய். 2019-இல் மூடியதுதான், மறுபடி திறக்கவில்லை. 1984 ஜனவரி 24 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளின் முதல் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டரைப் பையிலிருந்து எடுத்துக் காட்டியது அந்த மேடையில்தான் என்பதை நீ எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறாய். அவரோடு ஆப்பிளைத் தொடங்கிய வோஸ்னியாக் டி ஆன்சாவிலேயே படித்தவர் என்பதையும் நீயேதான் சொன்னாய். வோஸ்னியாக் படித்த இடம் தங்கச்சிக்கு ஆகாதா? இரண்டாயிரம் பேருக்கு மேல் உட்காரும் அரங்கம் போனதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அதில் பெரும்பாலும் வெளியாட்கள் ஆடுவார்கள், பாடுவார்கள், நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்போம். இப்போதைய சின்ன அரங்கத்தில் மாணவர்கள் எடுத்த படங்களும் அனிமேஷனும் ஓடுகின்றன, ஜாஸ் குழு வாசிக்கிறது, நடன வகுப்புப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவர் யாருக்கோ அப்பாவாக இருப்பார்.

தங்கச்சி இவ்வளவும் பார்த்துச் சேரவில்லை. அவளுக்கு வேண்டியது லா வோஸ். கல்லூரி தொடங்கிய 1967-இலிருந்து மாணவர்களே நடத்துகிற செய்தித்தாள். "முதல் குவார்ட்டரிலேயே என் பேரோட நியூஸ் வரும்மா" என்கிறாள். பெரிய பல்கலைக்கழகத்துப் பத்திரிகையில் அந்த இடம் கிடைக்க எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்று நீயே யோசித்துப் பார்.

அவள் உன்மேல் கோபமாக இல்லை, ஆனால் நீ சொன்னது மனதில் தைத்திருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிட்டுப் பேசு, என்னை நடுவில் இழுக்காதே. அப்புறம் ஜூனில் வருகிறேன் என்றாயே, கடைசி வாரம் வேண்டாம், அப்போது பரீட்சை நடக்கும், ஒரு ஈ காக்கை இருக்காது. அதற்கு முந்தின வாரம் டிக்கெட் போடு. என் சாடி அப்போது கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும், அவளே உன்னைக் கூட்டிப்போய்க் காட்டட்டும். வரும்போது அங்கே கிடைக்கிற அந்த மேப்பிள் மிட்டாய் இரண்டு டப்பா வாங்கி வா, பர்மாப் பெண்ணுக்கு ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா