எழுதிக் கொடுத்தவன் கேட்கிறேன்: நகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஜூன் 5ஆம் தேதி, உலகச் சுற்றுச்சூழல் நாளையொட்டி நகராட்சிக் கூட்ட அரங்கில் தாங்கள் நடத்திய விழாவில், புவி வெப்பமடைதலைத் தடுக்கத் தனிமனிதர்கள் செய்ய வேண்டியவை என்று அச்சிட்டுக் கொடுத்த உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். 31 ஆண்டுகள் பத்திர எழுத்தராக இருந்தவன் என்பதால், எந்தத் தாளையும் முழுக்கப் படிக்காமல் கையெழுத்திடும் வழக்கம் எனக்கில்லை. படித்துப் பார்த்துத்தான் இட்டேன். மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் வீட்டிலேயே தரம் பிரித்துக் கொடுப்பேன் என்பதே அதில் முதல் வரி. அதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகளாக நடந்துவருவதுதான் அது.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு எங்கள் தெருமுனையில் நடந்ததைத்தான் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். பேட்டரி வண்டியில் வரும் தூய்மைப் பணியாளர் அம்மா, எங்கள் பச்சை வாளியை ஒரு டிரம்மிலும் நீல வாளியை இன்னொரு டிரம்மிலும் கொட்டிக்கொண்டு சென்றார். பால் வாங்கப் போயிருந்த என் கண்ணெதிரே, முனையில் நின்றிருந்த லாரிக்குள் அந்த இரண்டு டிரம்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்க்கப்பட்டன. என் மனைவி முந்தைய நாள் கழுவி, துணி காயும் கொடியில் கிளிப் போட்டு உலர்த்தி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்த பால் உறைகள், யார் வீட்டுச் சாம்பாரிலோ நனைந்த வாழையிலையின் மேல் விழுந்தன. அதன்மேல் இன்னொரு வண்டியின் பழத்தோலும் மீன் செதிளும் விழ, லாரியின் இரும்புப் பலகை இறங்கி எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தியது. நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்ட அந்த அம்மா அருகில் வந்து, "ஐயா, வீட்டுல அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. பாவம், கழுவிக் கழுவிக் குடுக்குறாங்க" என்றார்.

நானும் இன்றுவரை சொல்லவில்லை. கொடியில் பால் உறைகள் இன்றும் காய்கின்றன. இந்த மடல் கண்ணில் படும்போதுதான் என் மனைவிக்குத் தெரியப்போகிறது.

இதை ஒரு வீட்டாரின் மனத்தாங்கலாகத் தாங்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தங்கள் சுகாதாரப் பிரிவுக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை. காய்கறித் தோலும் மிஞ்சிய சோறும் காற்றுப்பட மக்கினால் எருவாகும். அவையே பிளாஸ்டிக்கோடு கலந்து, மேடாகக் குவிந்து, காற்றுப் புகாமல் அழுகினால் மீத்தேன் வரும். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 80 மடங்கு வெப்பமூட்டக் கூடியது அது. ஆனால் வளிமண்டலத்தில் சுமார் 12 ஆண்டுகளே தங்குவதால், இன்றைக்கு அதைக் குறைத்தால் எழுபதைத் தொட்ட என் போன்றவர்கள்கூடப் பலனைப் பார்த்துவிட்டுப் போக வாய்ப்பிருக்கிறது. நம் நாட்டு நகரக் குப்பையில் ஏறக்குறையப் பாதி இந்த மக்கும் பொருள்தான். மின்சார வண்டி வாங்கவோ கூரையில் சூரிய மின்தகடு பதிக்கவோ வசதியில்லாத வீடும் புவி வெப்பத்தைக் குறைக்கச் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டென்றால், அது இந்த இரண்டு வாளிகள்தான். அதையும் தெருமுனையில் கவிழ்த்துவிட்டால், எங்கள் கையில் மிஞ்சுவது தாங்கள் வாங்கிக்கொண்ட கையெழுத்தின் நகல் மட்டுமே.

பழைய தொழில் பழக்கத்தில் எழுதுவதானால், நமது குப்பைக் கிடங்கிற்குச் சக்குபந்தி, அதாவது நான்கெல்லை, விவரமாவது: வடக்கே ஏரிக்கரை, கிழக்கே தொடக்கப்பள்ளிச் சுற்றுச்சுவர், தெற்கே வண்டிப்பாதை, மேற்கே, கோடையாக இருந்தால், புகை. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடிக் கிடங்கும், 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கும் பற்றி எரிந்தபோது நாளேடுகளில் படித்தோம். நம்முடையது சிறிய கிடங்கு என்பதால் நாளேட்டில் வரவில்லை. சென்ற ஏப்ரலில் அது மூன்று நாள் புகைந்தபோது, அந்தப் பள்ளிப் பிள்ளைகள் சன்னல்களை அடைத்த வகுப்பறைக்குள் முழு ஆண்டுத் தேர்வு எழுதினார்கள்.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று: வீட்டில் பிரித்துக் கொடுக்கப்படும் குப்பை, வாளியிலிருந்து கடைசி இடம் வரை கலக்காமல் போய்ச் சேர வேண்டும்.

அந்தத் தூய்மைப் பணியாளர் மீது நடவடிக்கை எடுத்துவிட்டு, புகார் தீர்க்கப்பட்டது என்று எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிட வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவர் தம் வேலையைச் சரியாகவே செய்தார். இரண்டு டிரம்களுக்கும் ஒரே லாரியை அனுப்பியவர் அவரல்லர். ஒப்பந்ததாரருக்கு டன் கணக்கில்தான் பணம் தரப்படுகிறதென்றால், ஈரக் குப்பையைத் தனியே அனுப்பி எடையைக் குறைத்துக்கொள்ள அவருக்கு என்ன அவசியம்? தரம் பிரிக்காவிட்டால் அபராதம் என்று எங்கள் தெருவில் ஒலிபெருக்கி வைத்து அறிவித்தீர்கள். பிரிக்கும் கடமையை எங்கள்மேல் வைத்த 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டுசெல்லும் கடமையை உள்ளாட்சி அமைப்பின்மேல் வைத்தன. அந்தப் பகுதி ஒலிபெருக்கியில் கேட்கவில்லை. உரக்கூடம் ஒன்று கட்டித் திறப்புவிழாக் கல்வெட்டும் பதித்தாயிற்று. அதன் பூட்டு எப்போது கடைசியாகத் திறந்தது என்பதை மட்டும் கல்வெட்டில் காணோம்.

2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் நம் பிரதமர், சுற்றுச்சூழலுக்கு உகந்த வாழ்க்கை முறை என்னும் பொருளில் 'லைஃப்' என்றொரு இயக்கத்தை முன்மொழிந்தார். அன்றுமுதல் வாழ்க்கை முறையை மாற்றிக்கொள்ளுமாறு எங்களைக் கேட்காத அலுவலகம் இல்லை. தங்கள் விழாவிலும் கேட்டார்கள். ஏசியை 24 டிகிரியில் வைப்போம் என்ற வரியை நாங்கள் உரக்கப் படித்தபோது, மேடைக்கு எதிரே இருந்த ஏசி 18 என்று காட்டிக்கொண்டிருந்தது. 2020 முதல் இந்நாட்டில் தயாராகும் அறை ஏசிகள் 24இல்தான் தொடங்க வேண்டும் என்பது விதியாகையால், யாரோ மெனக்கெட்டு ஆறு படி இறக்கியிருக்க வேண்டும். பூமியைக் காப்போம் என்ற முழக்கம் பன்னிரண்டடி ஃபிளெக்ஸில் தொங்கியது. நட்ட மரக்கன்றுக்குச் சென்ற ஆண்டுக் குழியே போதுமானதாக இருந்தது. அதிலிருந்த கன்று முன்பே இடத்தைக் காலி செய்திருந்தது. மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். தங்களுக்கு ஆயிரம் வேலைகள் இருக்கும் என்பதை அறியாதவனல்லன். ஈரக் குப்பைக்கு ஒரு நாள், உலர் குப்பைக்கு ஒரு நாள் என்று முறை வைத்தாலும் சரி, லாரிக்குள் ஒரு தடுப்பு வைத்தாலும் சரி, எங்கள் தெருவுக்கு மட்டும் முதலில் செய்து பார்த்தாலும் சரி. பிரித்துக் கொடுத்த குப்பை கலக்காமல் போக வேண்டும் என்பதே மீண்டும் என் விண்ணப்பம்.

இறுதியாக, அந்த உறுதிமொழிப் படிவத்தில் ஒரு குறை. எந்த ஒப்பந்தத்திலும் இரு தரப்பும் கையெழுத்திடுவது வழக்கம். தங்கள் படிவத்தில் ஒரு தரப்பு மட்டுமே இருக்கிறது. எனவே இத்துடன் ஒரே தாளில் ஓர் ஆவணம் தயாரித்து இணைத்திருக்கிறேன். எழுதிக் கொடுப்பவர் நகராட்சி, எழுதி வாங்குபவர்கள் எங்கள் தெருவின் 42 வீட்டார். ஷரத்து ஒன்றே: "தாங்கள் பிரித்துக் கொடுக்கும் குப்பையைக் கலக்காமல் கொண்டு செல்வோம்." வீட்டாரின் கையெழுத்துகளை நேற்றிரவே வாங்கிவிட்டேன். தங்கள் கையெழுத்திற்கு, கீழே வலப்புறம் இடம் விட்டிருக்கிறேன். தயவுசெய்து இட்டு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
இரண்டு வாளி வைத்திருக்கும் வீட்டுக்காரன்