பிளவ் லேனுக்குப் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள்

தென்மேற்கு லண்டன் தமிழ்ப் பாடசாலைகளின் நிர்வாகக் குழுவினருக்கும், ஆசிரியர்களுக்கும், பெற்றோருக்கும் ஒரு திறந்த மடல்

யூலை 2025

வணக்கம்.

வருகிற ஓகஸ்ட் 1ஆம் திகதி வெள்ளிக்கிழமை இரவு, லூட்டன் நகரின் கெனில்வேர்த் றோட் மைதானத்தில், நம் அயலில் பிளவ் லேன் மைதானத்தைக் கொண்டுள்ள ஏஎஃப்சி விம்பிள்டன் கழகம் தன் புதிய உதைபந்தாட்டப் பருவத்தைத் தொடங்குகிறது. சென்ற பருவத்தில் நான்காம் அடுக்கான லீக் டூவில் ஆடிய அணி இம்முறை மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னில் ஆடப் போகிறது. இந்தப் பருவம் நல்லதாக அமையும் என்ற நம்பிக்கை எனக்கு நிறையவே இருக்கிறது. அந்த நம்பிக்கையில் நம் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு கிடைக்க வேண்டும் என்பதற்காகவும், அதற்கு உங்களால் மட்டுமே செய்யக்கூடிய ஓர் உதவியைக் கேட்பதற்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில், என் நம்பிக்கைக்கு என்ன ஆதாரம் என்று நீங்கள் கேட்பது நியாயம். 2022இல் தரமிறங்கியபோது இந்த அணி தொடர்ச்சியாக 27 லீக் ஆட்டங்களில் ஒன்றையேனும் வெல்லாமல் பருவத்தை முடித்தது. அந்த மாதங்களில் மைதானத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் நானும் என் மகளும் ஒரு சொல்லும் பேசிக்கொள்வதில்லை. அதன் பின் முகாமையாளராக வந்த ஜொனி ஜக்சனின் கீழ் முதற் பருவம் 21ஆம் இடத்தில் முடிந்தது. அந்த இடத்தில் பல கழகங்கள் முகாமையாளரை வீட்டுக்கு அனுப்பியிருக்கும். நம் கழகம் பொறுத்திருந்தது. அடுத்த பருவத்தில் 10ஆம் இடம், அதற்கடுத்ததில் 5ஆம் இடம், பின்னர் வெம்ப்ளியில் தரமுயர்வுக்கான இறுதியாட்டம். மூன்று ஆண்டுகளில் படிப்படியாகக் கட்டிய அணி இது. திடீரென்று வந்த பணத்தால் எழுந்த அணியாக இருந்தால் நான் இவ்வளவு உறுதியாக எழுதமாட்டேன்.

மே 26ஆம் திகதி வெம்ப்ளியில் நாங்கள் எதிர்கொண்ட வால்சால், ஜனவரியில் பட்டியலின் உச்சியில் எட்டாத தூரத்தில் நின்ற அணி. முதற்பாதி முடியும் தறுவாயில் மைல்ஸ் ஹிப்போலைற் அடித்த பந்து வலைக்குள் புகுந்தது. அந்த ஒரு கோலை அணி இரண்டாம் பாதி முழுவதும் காத்தது. என் மகள் தேநீர்க் குடுவையின் மூடியைக் கையில் எடுத்தவள், ஊற்றவும் இல்லை, திருப்பி மூடவும் இல்லை. மத்தியஸ்தர் இறுதி விசில் ஊதும் வரை அந்த மூடி அவளுடைய உள்ளங்கைக்குள்ளேயே இருந்தது. அவள் கையை விரித்தபோது மூடியின் வளையம் தோலில் சிவப்பாகப் பதிந்திருந்தது. பின்களம் கட்டுக்கோப்பாக இருந்தால் எந்தப் பிரிவிலும் நின்று பிடிக்கலாம் என்பதை அந்த நாற்பத்தைந்து நிமிடங்கள் எனக்குக் காட்டின.

இருந்தாலும், இந்த அணியின் கால்களை விட இந்தக் கழகத்தின் வேர்களைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். அதைச் சொல்வதற்கு என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வடமராட்சியில் எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் பொருளாளராக அவர் பல ஆண்டுகள் இருந்தார். கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் சந்தா ரசீதுப் புத்தகமும், ஊதா நிறக் கார்பன் தாளும், காற்றுப் போன ஒரு பழைய பந்தும் இருக்கும். மாலையில் சைக்கிளில் வீடு வீடாகப் போவார். சிலர் காசு கொடுப்பார்கள்; சிலர், "காசு இல்லை அண்ணை, கோல் கம்பம் நட ஞாயிற்றுக்கிழமை வாறன்" என்பார்கள். அதையும் அவர் சந்தா என்றே கணக்கில் எழுதுவார். கழகம் யாருடையது என்ற கேள்வியே எங்கள் ஊரில் எழுந்ததில்லை, ஏனென்றால் அது சனசமூக நிலையத்தையும் கோவில் கேணியையும் போல ஊருடையது.

1999இல் நான் லண்டனுக்கு வந்து கொலியர்ஸ் வூட்டில் குடியேறியபோது, இங்கே உதைபந்தாட்டக் கழகம் என்பது ஒரு முதலாளியின் சொத்து என்று அறிந்து வியந்தேன். 1988இல் எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் லிவர்பூலை 1-0 என்று வென்ற விம்பிள்டன் கழகத்தை, அதன் உரிமையாளர்கள் ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மில்ரன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுபோக விரும்பினார்கள். 2002 மே 28ஆம் திகதி, உதைபந்தாட்டச் சங்கம் நியமித்த மூவர் குழுவில் இருவர் அதற்கு இசைந்தார்கள். பெயரும் வரலாறும் உள்ள ஒரு கழகத்தை அதன் ஊரிலிருந்து பெயர்த்தெடுக்கலாம் என்று தாளில் எழுதிக் கையொப்பமிட்டார்கள். பெயர்த்தெடுக்கப்படுவது என்றால் என்ன என்று நம் சமூகத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதற்கு அந்த இரசிகர்கள் செய்ததுதான் என்னை அவர்கள் பக்கம் சேர்த்தது. அடுத்த சில வாரங்களிலேயே ஏஎஃப்சி விம்பிள்டன் என்ற புதிய கழகத்தைத் தொடங்கினார்கள். யூன் இறுதியில் விம்பிள்டன் கொமன் புல்வெளியில் வீரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்; யூலை 10ஆம் திகதி சட்டன் யுனைற்றட் அணியோடு முதல் ஆட்டத்தை ஆடி 4-0 என்று தோற்றார்கள். அந்தத் தோல்வியைப் பார்க்க நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்திருந்தார்கள். ஒன்பதாம் அடுக்கிலிருந்து தொடங்கிய அணி 2003 முதல் 2004 வரை 78 லீக் ஆட்டங்களில் தோல்வி காணாமல் விளையாடி, 2011இல் தொழில்முறை லீக்கில் கால் வைத்தது. பெரும்பான்மைப் பங்கு இன்றும் டொன்ஸ் றஸ்ற் என்ற இரசிகர் அமைப்பின் கையில் இருக்கிறது. உறுப்பினர் ஒருவருக்கு ஒரு வாக்கு. 2020இன் தொடக்கத்தில் பிளவ் லேன் மைதானத்தைக் கட்டி முடிக்கப் பணம் போதாமல் போனபோது, இரசிகர்கள் கடன் பத்திரம் வாங்கி ஐந்து மில்லியன் பவுணுக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். அப்பாவின் ரசீதுப் புத்தகம் எனக்கு நினைவு வந்தது அப்போதுதான். அவர் உயிரோடிருந்திருந்தால் அந்தக் கணக்கைக் கேட்டு மகிழ்ந்திருப்பார்.

அதே ஆண்டு மார்ச்சில் பெருந்தொற்று வந்தபோது, இந்த இரசிகர்கள் கடைவாசல்களில் நின்று உணவுப் பொருட்களைச் சேர்த்து, தேவைப்பட்ட வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்கள் கதவைத் தட்டிய வீடுகளில் எங்கள் தெருவில் ஒரு தமிழ் வீடும் இருந்தது. சென்ற ஆண்டு செப்ரெம்பரில் வொண்டில் ஆறு பெருக்கெடுத்து மைதானத்துக்குள் புகுந்து, புல்தரையில் பெரும் பள்ளம் விழுந்தது. நியூகாசில் அணியோடு இங்கே ஆட வேண்டிய கிண்ணப் போட்டியை நியூகாசிலிலேயே போய் ஆட வேண்டியிருந்தது. சில மாதங்கள் கழித்து அதே அணிதான் வெம்ப்ளியில் நின்றது. இத்தனையையும் கண்ட பிறகு, புதிய பிரிவின் வலிய அணிகளை எண்ணி நான் ஏன் அஞ்ச வேண்டும்?

வலிய அணிகள் இருக்கின்றன என்பதை மறைக்கவில்லை. கார்டிஃப், ஹடர்ஸ்ஃபீல்ட், போல்ற்றன் ஆகியவை பிரீமியர் லீக்கில் ஆடிய கழகங்கள்; அவற்றின் வீரர் சம்பளப் பட்டியலோடு நம் கழகத்தின் கணக்கை ஒப்பிடவே முடியாது. சென்ற பருவத்தில் அற்புதமாகக் காத்த கோல்காப்பாளர் ஓவன் குட்மன் இரவலாக வந்தவர். அவருடைய காலம் முடிந்துவிட்டது. இழப்புத்தான். 24 அணிகளில் கடைசி நான்கு தரமிறங்கும் என்பதும் தெரியும். ஆனாலும் போட்டி அட்டவணையைப் பார்த்தபோது என் மனம் துள்ளியது. முதல் எதிரணி லூட்டன். 2011இல் தண்ட உதைகளில் நாங்கள் வென்று தொழில்முறை லீக்குக்குள் நுழைந்தது இந்த லூட்டனிடம்தான். பிளிமத்தும் இதே பிரிவில் இருக்கிறது. 2016இல் வெம்ப்ளியில் 2-0 என்று வென்று லீக் ஒன்னுக்கு முதன்முறை ஏறியது அவர்களிடம்தான். இவ்வணி தரமிறங்காது என்று உறுதியாகச் சொல்கிறேன். பட்டியலின் மேற்பாதியில் முடித்தாலும் நான் வியக்கமாட்டேன்.

இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன். லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமை மாலை மூன்று மணிக்குத் தொடங்குகின்றன. நம் பாடசாலைகளும் சனிக்கிழமையில்தான் நடக்கின்றன. என் மகள் எட்டு ஆண்டுகள் தமிழ்ப் பாடசாலைக்குப் போனவள். பரதநாட்டிய வகுப்போ மிருதங்க வகுப்போ நீண்டுபோன நாட்களில் முதற்பாதி முழுவதையும் நாங்கள் தவறவிட்டிருக்கிறோம். வகுப்புகளைக் குறையுங்கள் என்று நான் கேட்கவில்லை. நானும் ஐந்து ஆண்டுகள் அங்கே தமிழ் படிப்பித்தவள். பருவம் முழுவதிலும் உள்ளூரில் நடப்பது 23 லீக் ஆட்டங்கள். அவற்றில் மூன்றே மூன்று சனிக்கிழமைகளில், ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு மணிக்கு விட்டு, ஆசிரியர் ஒருவரோடும் பெற்றோர் சிலரோடும் ஒரு குழுவாகப் பிளவ் லேனுக்கு அனுப்பி வையுங்கள். இந்நாட்டில் சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டுவதில்லை; எனவே அந்த நேரத்தில் நடக்கும் பெரிய அணியின் ஆட்டம் எதையும் பிள்ளைகள் இதற்காக இழக்கப் போவதில்லை.

அந்த மூன்றில் ஒன்று பார்ன்ஸ்லி அணி இங்கே வரும் நாளாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அந்த அணியில் விமல் யோகநாதன் என்ற இளைஞர் இருக்கிறார். ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து வேல்ஸில் வளர்ந்த அவர், இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் தடம் பதித்திருக்கும் தமிழ்ப் பிள்ளை. அவர் களமிறக்கப்படுவாரா என்பது அன்றைய நாளில்தான் தெரியும். இறக்கப்பட்டால், "யோகநாதன்" என்று முதுகில் எழுதிய சட்டையோடு ஒருவர் பந்தைத் துரத்துவதை நம் பிள்ளைகள் முப்பது மீற்றர் தூரத்திலிருந்து பார்ப்பார்கள். "விளையாட்டு சோறு போடுமா?" என்று வீட்டில் கேட்கும் நாமும் அன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவர் நன்றாக ஆடட்டும்; ஆட்டத்தை விம்பிள்டன் வெல்லட்டும்.

பெரிய கழகங்களின் சட்டைகளை அணிந்து நம் பிள்ளைகள் பாடசாலைக்கு வருவதைக் காண்கிறேன். அதில் குறை காண எனக்கு மனமில்லை. ஆனால் அந்த மைதானங்களுக்கு நம்மில் பெரும்பாலானோர் குடும்பத்தோடு போகும் வசதி இல்லை. பிளவ் லேன் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர் கொள்ளும் மைதானம். எந்த இருக்கையிலிருந்தும் வீரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரல் காதில் விழும். எஃப்ரா றோட் பிள்ளையார் கோவிலில் கும்பிட்டுவிட்டு நடந்தே போகலாம். புகையிரதத்தில் வருவோர் ஹேடன்ஸ் றோட் நிலையத்தில் இறங்கலாம். டொன்ஸ் றஸ்ற்றில் அங்கத்துவம் பெற விரும்பும் பெற்றோர், கழகத்தின் உரிமையாளர்களில் ஒருவராகவே, வாக்குரிமையோடு ஆகலாம். ஊரில் சந்தா கொடுத்துப் பழகிய கைகள்தானே நம்முடையவை?

உங்கள் நிர்வாகக் குழு செப்ரெம்பரில் கூடும்போது இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசும்படி பணிவோடு கேட்கிறேன். ரிக்கெற் பதிவு செய்வது, பெற்றோரின் சம்மதக் கடிதங்களைச் சேர்ப்பது, பிள்ளைகளை எண்ணிக் கூட்டிச் சென்று எண்ணிக் கொண்டுவந்து ஒப்படைப்பது ஆகிய வேலைகளை நானும், இதே விருப்பமுள்ள வேறு நான்கு பெற்றோரும் பொறுப்பேற்கிறோம். முதல் குழு வரும் சனிக்கிழமையன்று பகல் ஒன்றரை மணிக்கே நான் ஹேடன்ஸ் றோட் நிலைய வாசலில், மஞ்சள் நீலச் சால்வையோடு நிற்பேன். பிள்ளைகளுக்கு மீன் பணிசும் கட்லட்டும் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
கொலியர்ஸ் வூட்டிலிருந்து ஒரு தாய், முன்னாள் தமிழ் ஆசிரியை, விம்பிள்டன் இரசிகை