வகுப்புக்கு ஒரு நாவல், இருபது பிரதிகள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு நூல்களைத் தேர்வு செய்யும் குழுவினருக்கும் பள்ளிக் கல்வித் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். ஆள் இல்லாத நாட்களில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் போவேன். இந்த மடலில் ஒரே ஒரு கோரிக்கைதான் இருக்கிறது. அத்தியாயம் அத்தியாயமாக நகரும் சிறார் நாவல்களை ஒரு வகுப்பே சேர்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க வழி செய்யுங்கள். நூல்களைத் தேர்வு செய்வதையும் வாங்குவதையும் அதற்கேற்ப மாற்றுங்கள்.

கடந்த சில ஆண்டுகளில் வாசிப்புக்காக நடந்திருக்கும் வேலை கொஞ்சமல்ல. 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு எழுதப் படிக்க, கணக்குப் போடக் கற்றுத்தரும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல், அதற்கு மேலே தேன்சிட்டு என்று இதழ்கள் வந்தன. அப்புறம் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்களைக் கொண்டுவந்தது. எழுத்துக்கூட்டித் திணறிக்கொண்டிருந்த பிள்ளை ஒரு சின்னப் புத்தகத்தைத் தானே முடித்துவிட்டு "இன்னொண்ணு குடுங்க சார்" என்று வந்து நிற்பதைப் பார்க்கிறேன். இதற்காக உழைத்தவர்களுக்கு என் நன்றி.

'பற' வரைக்கும் வந்துவிட்ட அந்தப் பிள்ளைக்கு அடுத்து என்ன தருவது? இங்கேதான் இடைவெளி இருக்கிறது. பாடநூலில் ஒவ்வோர் இயலிலும் விரிவானம் இருக்கிறது. நல்ல கதைகள் பல அதில் வந்திருக்கின்றன. ஆனால் அவை நான்கைந்து பக்கங்களில் முடிந்துவிடும். ஒரு கதாபாத்திரம் மனதில் உட்காருவதற்குள் 'மதிப்பீடு' என்று கேள்விகள் வந்துவிடுகின்றன. நீண்ட கதை பிள்ளையிடம் வேறு வகையான உழைப்பைக் கேட்கிறது. போன வாரம் வந்த ஆளை இந்த வாரம் நினைவில் வைத்திருக்க வேண்டும். இரண்டாம் அத்தியாயத்தில் கெட்டவனாகத் தெரிந்தவனைப் பற்றி ஏழாம் அத்தியாயத்தில் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்று தானாகவே யோசிக்க வேண்டும். நம் முந்தைய தலைமுறைகளில் வாசிக்கும் பழக்கத்தை வளர்த்ததே தொடர்கதைகள்தான். அம்புலிமாமாவும் கோகுலமும் வீட்டுக்கு வரும் நாளை எதிர்பார்த்துக் காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் பெரிய நாவல்களுக்குப் போனார்கள். இன்று அந்த இதழ்கள் இல்லை. அந்தக் காத்திருப்பை இனி வகுப்பறைதான் தர முடியும்.

இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியமானது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறோம். எழுத்தறிவுக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் நாள் முழுக்க ஆளுக்கொரு தாளோடு தனித்தனியாக உட்காரும் பிள்ளைகளுக்குப் பொதுவாகப் பேச ஏதாவது வேண்டாமா? ஆசிரியர் ஒரு நாவலை உரக்கப் படிக்கும்போது அரும்பு நிலைப் பிள்ளையும் மலர் நிலைப் பிள்ளையும் ஒரே கதைக்குள் இருக்கிறார்கள். இன்னும் சரளமாகப் படிக்க வராத பிள்ளைகள்தான் கதையின் போக்கை மிகத் துல்லியமாகச் சொல்கிறார்கள் என்பதை என் வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். காதால் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவர்களிடம் வலுவாக இருக்கிறது. மற்ற பிள்ளைகள் சந்தேகம் கேட்டு அவர்களைத் தேடிப் போகிறார்கள். படிப்பில் பின்தங்கியவன் என்று பெயர் வாங்கிய பிள்ளைக்கு வகுப்பில் அப்படி ஒரு மதிப்பு வேறு எந்தப் பாடவேளையிலும் கிடைப்பதில்லை.

சரி, இதற்கு என்ன தடை? நாம் நூல் வாங்கும் முறைதான். நூலகத்துக்கு என்று வாங்கும்போது எத்தனை தலைப்புகள் என்றுதான் பார்க்கிறோம். நூறு தலைப்புகள், தலைப்புக்கு ஒரு பிரதி. அவற்றில் எட்டு வயதுக்கானதும் இருக்கும், போட்டித் தேர்வு வழிகாட்டியும் இருக்கும். பல பள்ளிகளில் அவை பீரோவுக்குள் போய்விடுகின்றன. ஒரு பிரதியை வைத்துக்கொண்டு முப்பத்தைந்து பிள்ளைகளோடு நாவல் படிக்க முடியாது. ஆசிரியர் படிக்கலாம், பிள்ளைகள் கேட்கலாம். ஆனால் கண் வரிகளின் மேல் ஓட வேண்டும் அல்லவா? இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பிரதி இருந்தால் போதும். ஒருவர் விரல் வைத்துப் படித்துவர, மற்றவர் தொடர்வார்.

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளி நூலகங்களுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் முதல் 20,000 ரூபாய் வரை, பள்ளியின் நிலையைப் பொறுத்து ஒதுக்கீடு உண்டு. ஒரு சிறார் நாவல் 100 ரூபாய் என்று வைத்தால் இருபது பிரதிகளுக்கு 2,000 ரூபாய். ஒவ்வொரு பள்ளியும் எல்லா நாவல்களையும் வாங்க வேண்டியதில்லை. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளை ஒன்றாக இணைப்பது குறுவள மையம். அப்படி ஒரு மையத்துக்குள் வரும் பள்ளிகள் ஆளுக்கு ஒரு நாவலை இருபது பிரதிகளாக வாங்கிப் பருவம் முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம். மூன்று பருவத்தில் மூன்று நாவல்கள் ஒவ்வொரு வகுப்புக்கும் கிடைத்துவிடும். கூடுதல் நிதி கேட்கவில்லை. இருக்கிற நிதியில் ஒரு பகுதியை இப்படிச் செலவிடப் பள்ளிக்கு அனுமதி தாருங்கள்.

இனி எந்த நாவல் என்பது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நல்ல சிறார் நூல் எல்லாமே வகுப்பில் நடத்த ஏற்ற நூல் ஆகிவிடாது.

முதலில் அத்தியாயத்தின் அளவு. நம் பாடவேளை நாற்பது நிமிடம். வருகைப் பதிவு, தண்ணீர் குடிக்கப் போய்வருவது எல்லாம் கழித்தால் முப்பது நிமிடம் கையில் இருக்கும். பதினைந்து நிமிடத்தில் நிதானமாக உரக்கப் படித்து முடிக்கக்கூடிய அத்தியாயம்தான் சரியான அளவு. மீதி நேரம் பேசுவதற்கு. அத்தியாயம் பாதியில் மணி அடித்துவிட்டால் கதையின் பிடி போய்விடும்.

அடுத்தது பலரும் யோசிக்காத ஒன்று: விடுப்பு. கோயில் திருவிழா, அறுவடை, காய்ச்சல், பெற்றோர் வேலைக்காக வெளியூர் போவது என்று எங்கள் பிள்ளைகள் தொடர்ந்து வருவதில்லை. ஓர் அத்தியாயத்தைத் தவறவிட்டால் அடுத்தது புரியாது என்ற வகையில் இறுக்கமாகப் பின்னப்பட்ட மர்மக் கதையில் இந்தப் பிள்ளைகள் வெளியே நின்றுவிடுவார்கள். அதனால்தான் ஆண்டின் முதல் நாவலாக 'டோட்டோ-சான்' போன்ற ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். ஜப்பானில் ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாக்கிய ஒரு பள்ளியைப் பற்றிய உண்மைக் கதை, தமிழில் வந்து பல ஆண்டுகளாகிறது. அத்தியாயங்கள் மிகச் சின்னவை. ஒவ்வொன்றும் பெரும்பாலும் தனியாகவே நிற்கும். நேற்று வராத பிள்ளை இன்று வந்து உட்கார்ந்தாலும் கதை அதை ஏற்றுக்கொள்ளும். இரண்டாம் பருவத்தில் பின்னல் உள்ள நாவலுக்குப் போகலாம். அப்போது போன அத்தியாயத்தின் கதையைச் சொல்லித் தொடங்கும் வேலையைப் பிள்ளைகளே எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, முதல் இரண்டு பக்கங்களில் ஏதாவது நடக்க வேண்டும். விடிகிற சூரியனையும் ஊரின் பெருமையையும் மூன்று பக்கம் வருணித்துவிட்டுத் தொடங்கும் நூல்களை ஒதுக்கிவையுங்கள். அதேபோல் கடைசி அத்தியாயத்தில் ஒரு பெரியவர் வந்து அறிவுரை சொல்லும் நூல்களையும். உரக்கப் படிக்கும்போது அது பளிச்சென்று தெரிந்துவிடும். அறிவுரை தொடங்கும் வரியில் பிள்ளைகளின் கண் ஜன்னல் பக்கம் போகும். நாம் தேர்ந்தெடுக்கும் சிறார் நூல்களில் பாதிக்கு மேல் இந்தச் சோதனையில் தேறாது என்பது என் கணிப்பு.

நான்காவது மொழி. உரையாடல்கள் பேச்சு வழக்கில் இருந்தால் 'கொச்சை' என்று நூலை ஒதுக்கும் பழக்கம் தேர்வுக் குழுக்களில் இருந்துவருகிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். கரிசல் பிள்ளை தன் வீட்டில் கேட்கும் பேச்சை அச்சில் பார்க்கும்போது முகம் மாறுவதைப் பார்த்தவன் சொல்கிறேன். கதை சொல்லும் நடை எளிய எழுத்துத் தமிழிலும், ஆட்கள் பேசுவது அவரவர் பேச்சிலும் இருப்பதே இயல்பு. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. 'வந்துக்கிட்டிருக்காங்க' போன்ற நீண்ட பேச்சுச் சொற்கள் இப்போதுதான் படிக்கப் பழகும் பிள்ளைக்குக் கடினம். நான்காம் வகுப்புக்கு அவை குறைவாக உள்ள நூலாகவும், ஆறு ஏழாம் வகுப்புகளுக்கு எந்த வட்டார வழக்கானாலும் தயங்காமலும் தேர்ந்தெடுக்கலாம்.

யாருடைய கதை என்பதையும் பாருங்கள். பெண் பிள்ளை கதையை நடத்துகிறாளா, துணைக்கு மட்டும் வருகிறாளா? கறுப்பு நிறத்தையும் தடித்த உடம்பையும் கேலிக்கு வைத்திருக்கிறார்களா? குடிசைப் பகுதிப் பிள்ளை வந்தால் பரிதாபத்துக்காக மட்டும் வருகிறதா? என் வகுப்பில் இருக்கும் எந்தப் பிள்ளையும் தலைகுனியும்படியான ஒரு வரி இருந்தாலும் அந்த நூலை நான் நடத்த மாட்டேன்.

தமிழில் நூல் இல்லை என்று இனிமேல் சொல்ல முடியாது. சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் விருதை 2020இல் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2023இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' ஆகிய நாவல்கள் பெற்றிருக்கின்றன. 'ஆதனின் பொம்மை' கீழடியைக் களமாகக் கொண்டது. ஆதன் என்ற பெயர் அங்கே கிடைத்த பானை ஓடுகளில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பதைச் சமூக அறிவியல் ஆசிரியர் காட்டலாம். கீழடி அருங்காட்சியகம் 2023 முதல் திறந்திருக்கிறது, மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் பள்ளிகள் நாவலை முடித்துவிட்டு நேரிலேயே போய்வரலாம்.

'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' வேறு வகை. குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி, பயமுறுத்தாமல் பேசும் நாவல் அது. அதை வகுப்பில் படிக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் வெறும் பட்டியலில் பெயரைச் சேர்த்து அனுப்பிவிடக் கூடாது. ஆசிரியர் முன்கூட்டியே முழுதும் படித்திருக்க வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும். படிக்கும் நாட்களில் ஏதாவது ஒரு பிள்ளை தனக்கு நடந்ததை வந்து சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் என்ன செய்வது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்பது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எதற்கு என்பது எல்லாம் அந்த ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட நூல்களோடு ஆசிரியருக்கான இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

மற்ற நாவல்களுக்குக் குறிப்போ வினா விடையோ வேண்டாம். இதை அழுத்திக் கேட்கிறேன். ஒரு நூல் துணைப்பாடம் ஆனதும் அதற்கு நோட்ஸ் வந்துவிடும், 'கதைத் தலைவனின் பண்புநலன்களை விளக்குக' வந்துவிடும், பிள்ளைகள் நூலைப் படிக்காமல் நோட்ஸைப் படிப்பார்கள். பருவ முடிவில் வரும் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டில் நாவலிலிருந்து ஒரு கேள்விகூட வரக் கூடாது. மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பருவத்தின் இடையே வகுப்பில் நடக்கும் வளரறி மதிப்பீட்டின் செயல்பாடுகளில் ஒன்றாக வைக்கலாம். ஒரு காட்சியை நடித்துக் காட்டுவது, அடுத்த அத்தியாயம் எப்படிப் போகும் என்று எழுதிப் பார்ப்பது, கதையில் வரும் ஒருவருக்குக் கடிதம் எழுதுவது என்று எதுவும் போதும்.

தேர்வு செய்யும் முறை பற்றியும் ஒன்று. அட்டையையும் பின்னட்டைக் குறிப்பையும் பார்த்து நூலைத் தேர்ந்தெடுக்க முடியாது. இறுதிப் பட்டியலுக்கு வரும் ஒவ்வொரு நாவலின் முதல் அத்தியாயத்தையும் சில பள்ளிகளில் பிள்ளைகளிடம் படித்துக் காட்டிவிட்டு முடிவெடுங்கள். படித்து முடித்ததும் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கிறார்களா என்று பார்த்தால் போதும், வேறு அளவுகோல் வேண்டாம். பிறகு ஒரு வகுப்புக்கு ஆறேழு நாவல்கள் கொண்ட பட்டியலைத் தாருங்கள், அதிலிருந்து எதை எடுப்பது என்பதைப் பள்ளி ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள். கடலூரில் மீனவக் குப்பத்துப் பள்ளிக்கும் நீலகிரியில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கும் ஒரே நாவல் பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. குறுவள மையக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கினால் நாங்களே ஆளுக்கு ஓர் அத்தியாயம் படித்துக் காட்டி, எதை யார் வாங்குவது என்று பிரித்துக்கொள்வோம்.

அச்சு விஷயங்களை நீங்கள் அறிவீர்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், வரிகளுக்கிடையே இடம் இருக்கட்டும், தாள்கள் பிய்ந்து வராதபடி தைத்துக் கட்டியதாக இருக்கட்டும். முப்பது கைகள் மாறும் புத்தகம் அது.

கால அட்டவணையில் நூலகப் பாடவேளை என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அதோடு தமிழ்ப் பாடவேளை ஒன்றையும் சேர்த்து, வாரத்துக்கு இரண்டு பாடவேளைகளை நான்கு முதல் ஏழாம் வகுப்பு வரை நாவல் வாசிப்புக்கு ஒதுக்கி ஓர் ஆணை பிறப்பித்தால் ஆய்வுக்கு வரும் அலுவலரிடம் "பாடம் நடத்தாமல் கதை படிக்கிறீர்களா" என்ற கேள்வி எழாது. மாநிலம் முழுக்க ஒரே நாளில் தொடங்க வேண்டாம். வரும் கல்வியாண்டின் முதல் பருவத்தில் மாவட்டத்துக்கு ஒரு குறுவள மையத்தில் தொடங்கிப் பாருங்கள். எங்கள் குறுவள மையத்தில் இதை எடுத்துச் செய்ய நானும் என்னோடு பேசிய சில ஆசிரியர்களும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு நடுநிலைப் பள்ளித் தமிழாசிரியர்