பாப்பாவுக்கு, உன் கட்டுரையைப் படித்த பிறகு

பாப்பா,

சமத்துவம் பற்றி நீ எழுதி அனுப்பிய கட்டுரையை முழுசாகப் படித்துவிட்டேன். இங்கிலீஷ் என்பதால் நேரம் எடுத்தது, புரியாத இடங்களில் அப்பாவைக் கேட்டேன், அவர் பாதிக்கு மேல் "இதை அவளிடமே கேள்" என்று நழுவிவிட்டார். அரசியல் தத்துவத்தில் எம்.ஏ. சேருகிறேன் என்று நீ சொன்னபோது பெரியப்பா "அதைப் படித்தால் என்ன வேலை" என்று கேட்டாரே, அந்தக் கவலை எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எனக்கு உறுத்துவது உன் கட்டுரையின் பின்பாதி. போனில் சொன்னால் நடுவில் பேசி என்னை மடக்கிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

முன்பாதியில் எனக்கு வழக்கு இல்லை. நாம் பணக்காரரா ஏழையா, நம் திறமை என்ன என்று எதுவுமே தெரியாத மாதிரி ஒரு திரைக்குப் பின்னால் நின்று சட்டதிட்டம் போட்டால் எப்படிப் போடுவோம் என்று 1971-இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ரால்ஸ் கேட்டது, நேர்மையாகச் சம்பாதித்தவனின் உழைப்புக்கு வரி போடுவது கட்டாய வேலை வாங்குவதற்குச் சமம் என்று 1974-இல் நோசிக் பதிலுக்கு நின்றது, இரண்டையும் தெளிவாகவே எழுதியிருக்கிறாய். இரண்டு பேரும் ஒரே ஹார்வர்டில் பாடம் எடுத்தவர்கள் என்பதுதான் எனக்கு வேடிக்கை. ரால்ஸைப் பற்றி நீ எழுதாத ஒன்றை நானே தேடிப் படித்தேன். சின்ன வயதில் அவரிடமிருந்து தொற்றிய நோயில் அவருடைய தம்பிகள் இரண்டு பேர் அடுத்தடுத்த வருஷத்தில் இறந்துபோனார்கள், ஒருவனுக்கு டிப்தீரியா, இன்னொருவனுக்கு நிமோனியா, இவர் பிழைத்துக்கொண்டார். அவருடைய தத்துவத்துக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தத் தாயை நினைத்துவிட்டு அன்றைக்கு மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1981-இல் டுவார்கின் என்ற தத்துவ அறிஞர் துரதிர்ஷ்டத்தை இரண்டாகப் பிரித்தார்: நம் தலையில் வந்து விழுந்தது ஒன்று, தெரிந்தே துணிந்து இறங்கி அதில் தோற்றது இன்னொன்று. முதலாவதற்குச் சமுதாயம் ஈடு கட்ட வேண்டும், இரண்டாவதை அவரவர்தான் சுமக்க வேண்டும் என்று அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கொண்டுபோனார்கள். 1991-இல் ரகோவ்ஸ்கி என்பவர், பரந்து கிடக்கும் ஒரு நாட்டில் ஒருவர் வெள்ளம் வரும் இடத்திலோ சூறாவளி அடிக்கும் இடத்திலோ போய் வீடு கட்டினால் அந்த ஆபத்து அவரே ஏற்றுக்கொண்டது என்கிறார். நீயும் "இதில் நியாயம் இருக்கிறது" என்று ஒத்துக்கொண்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டாய். என்னடி இது, கடலூர்ப் பெண் எழுதுகிற வரியா?

இது புத்தகத்தோடு நிற்கிற வாதம் இல்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபோது நீ கைக்குழந்தை. மறு வருஷம் மார்ச்சில் வந்த அரசாணை என்ன சொன்னது தெரியுமா? கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் உள்ளே தள்ளிப் போகச் சம்மதித்தால் இலவச வீடு, போக மாட்டேன் என்றால் இருந்த இடத்தில் நீயே சரிசெய்துகொள், அரசின் உதவி கிடையாது. ரகோவ்ஸ்கியை யாரும் படித்திருக்க மாட்டார்கள், ஆனால் தர்க்கம் அதேதான். தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் இருப்பவர்கள் காற்று வாங்கவா கடலோரம் இருக்கிறார்கள்? படகும் வலையும் அங்கே இருக்கின்றன, விடியுமுன்பே கடலைப் பார்த்துத்தான் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். அவர்கள் பிடித்து வரும் மீனைத் தின்கிற நாம் மேட்டில் உட்கார்ந்துகொண்டு "நீயாகத்தானே அங்கே இருக்கிறாய்" என்று சொல்வதற்குப் பெயர் தத்துவமா?

தானே புயலுக்கு வருகிறேன், 2011 டிசம்பர் 30. உனக்குக் காற்றின் சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கும். எனக்கு அதற்குப் பிறகு வந்த வாரங்கள்தான், வி.ஏ.ஓ. என்பதால் பட்டியல் எழுதும் வேலை என் தலையில். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. நஷ்டஈடு என்றால் பட்டா யார் பேரில், அடங்கலில், அதாவது கிராமத்துச் சாகுபடிக் கணக்கில், யார் பேர் என்றுதான் பார்க்க வேண்டும். தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவனிடம் ஒரு காகிதமும் இருக்காது, எல்லாம் வாய்ப்பேச்சு. எழுதிக் கொடுத்தால் குத்தகைதாரர் சட்டத்தைக் காட்டி நிலத்தை விட மாட்டான் என்று சொந்தக்காரருக்குப் பயம், எழுதிக் கேட்டால் தோப்பே கிடைக்காது என்று இவனுக்குப் பயம். இப்போது உன் டுவார்கினைக் கேட்டுச் சொல், காகிதம் இல்லாமல் குத்தகை எடுத்தது அவன் துணிந்து இறங்கிய ஆட்டமா, தலையில் விழுந்ததா?

வீட்டுக் கணக்கு இன்னும் மோசம். குடிசை முழுச்சேதமா பகுதிச்சேதமா என்பதற்கே வாய்ச்சண்டை வரும். ஒரு கிழவி தனியாகத்தான் பொங்கித் தின்றாள், ஆனால் ரேஷன் கார்டில் பேர் மகன் வீட்டில். அவளைத் தனிக் குடும்பமாக எழுதவேண்டும் என்றால் மகன் சோறு போடுவதில்லை என்று அவள் தெருவே கேட்க என்னிடம் சொல்ல வேண்டும். சொன்னாள். பணத்துக்காக அதைச் சொல்லவைத்த கேள்வி என் வாயிலிருந்து வந்ததுதான். ஜொனாதன் வுல்ஃப் என்ற தத்துவ அறிஞர் 1998-இல் எழுதியது இதைத்தான்: நியாயமாகப் பங்கு பிரிக்கிறேன் என்று தோண்டித் தோண்டிக் கேட்பதே மனிதரைத் தன் கண்ணிலேயே தாழ்த்திவிடும் என்று. நீ அவரை ஒரு வரியில் தாண்டிவிட்டாய். எலிசபெத் ஆண்டர்சன் 1999-இல் எழுதிய கட்டுரையையும் அப்படித்தான். அதில் ஊனமுற்றோருக்கும் திறமை குறைந்தவர்களுக்கும் அழகில்லாதவர்களுக்கும் "உங்கள் குறைக்காக இந்தக் காசோலை" என்று அரசு கடிதம் போடுவதுபோல எழுதிக் காட்டுகிறாரே, சிரித்துக்கொண்டே படித்தேன், முடித்தபோது சிரிப்பு வரவில்லை. சமத்துவம் என்பது யாருக்கு எவ்வளவு துரதிர்ஷ்டம் என்று அளந்து காசு கொடுப்பது இல்லை, ஒருவர் முன் ஒருவர் தலைகுனியாமல் நிற்கும்படி வாழ்வது, எல்லோர் உழைப்பும் சேர்ந்துதான் எல்லோருக்கும் சோறு என்கிறார். அந்தக் குத்தகைக்காரனுக்காக வாதாட வந்த வக்கீல் மாதிரி இருந்தது எனக்கு.

ஆனால் அவரோடும் முழுசாக ஒத்துப்போக முடியவில்லை. கேள்வியே கேட்காமல் கொடுத்தால் யார் முதலில் வருவார்கள் என்று பட்டியல் எழுதியவளுக்குத் தெரியும். மாட்டுக்கொட்டகையைக் குடிசை என்று காட்டிய மாடிவீட்டுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் கேட்கத்தான் வேண்டும். என்ன போச்சு, எவ்வளவு போச்சு என்று கேள். நீ ஏன் அங்கே இருந்தாய் என்று கேட்காதே. இந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் உள்ள தூரம்தான் உன் பின்பாதியில் இல்லை. வடலூர் தருமச்சாலையில் 1867-லிருந்து அடுப்பு அணையாமல் எரிகிறது, பசியா என்பதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. அன்னதானம் நீதி ஆகாது என்பாய், ஆகாதுதான், போடுகிறவர் மனசை நம்பித்தானே இலை போடுகிறார்கள். இருந்தாலும் என்ன கேட்கக் கூடாது என்பது அங்கே தெரிந்திருக்கிறது.

இன்னொரு குறை. கட்டுரை முழுக்கத் தேடினேன், அம்பேத்கர் ஒரு இடத்திலும் இல்லை. சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமில்லை, வேலை செய்பவர்களையே பிரிப்பது என்று 1936-இலேயே எழுதிவைத்தவர். நம் பக்கம் எத்தனை கிராமத்தில் ஊர் மேட்டிலும் காலனி பள்ளத்திலும் இருக்கிறது என்று நீயே பார்த்திருக்கிறாய், 2015 மழையில் தண்ணீர் முதலில் எங்கே நுழைந்தது என்பதும் தெரியும். அந்தப் பள்ளத்தை அவர்கள் தேர்ந்தெடுத்தார்களா? ரகோவ்ஸ்கியின் உதாரணத்துக்குப் பக்கத்தில் இதை வைத்து எழுது. உன் பேராசிரியர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஏன் என்று கேட்டு எனக்கும் சொல், எனக்கும் தெரிய வேண்டும்.

மெஸ் பணம் நேற்று போட்டுவிட்டேன், வந்ததா பார். பலா சீசன் முடிவதற்குள் லீவு கிடைத்தால் வா. திருத்தியதை அனுப்பும்போது எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்து அனுப்பு, கண் வலிக்கிறது.

அம்மா