ஏப்ரல் 30-க்காக மட்டும் பயிற்சி வேண்டாம்: தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நாடால் தமிழ்த் தொழில் முனைவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தொழில் முனைவோர் அனைவருக்கும் வணக்கம்.

டோங்காட் முதல் பைன்டவுன் வரை உங்களில் பலருடைய தொழிற்சாலைகளிலும் கிடங்குகளிலும் ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்து வருபவன் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். மார்ச் மாதம் பிறந்ததும் என்னைத் தேடி வரும் அழைப்புகள் கூடிவிடும். பணியிடத் திறன் திட்டத்தையும் சென்ற ஆண்டின் பயிற்சி அறிக்கையையும் ஏப்ரல் 30-ஆம் நாளுக்குள் சீட்டாவிடம் (உங்கள் துறைக்கான கல்வி, பயிற்சி ஆணையத்திடம்) ஒப்படைக்க வேண்டும் என்பதே காரணம். யாருக்கு எது தெரியவில்லை என்று கேட்பவர் குறைவு. இரண்டு நாளில் முடித்துச் சான்றிதழ் கொடுத்துவிட முடியுமா என்று கேட்பவரே மிகுதி.

பணம் பற்றிய உங்கள் மனக்குறையை நான் அறிவேன். 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டுச் சம்பளச் செலவு 5,00,000 ராண்டைத் தாண்டும் நிறுவனம் அதில் 1 விழுக்காட்டைத் திறன் மேம்பாட்டு வரியாகக் கட்டுகிறது. உரிய காலத்தில் திட்டமும் அறிக்கையும் தந்தவருக்கு, கட்டிய வரியிலிருந்து கட்டாய மானியமாகத் திரும்பி வந்த 50 விழுக்காட்டை 2012-ஆம் ஆண்டு விதிகள் 20 ஆகக் குறைத்தன. முதலாளிகளின் கூட்டமைப்பு இதற்காக நீதிமன்றம் வரை போனது. அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் அந்தக் கோபத்தில் பயிற்சியையும் கட்டித் தொலைக்க வேண்டிய இன்னொரு வரியாகவே பார்க்கத் தொடங்கிவிட்டோம்.

பயிற்சியின் பயனை அளக்க டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் நான்கு படிகளைச் சொன்னார்: கற்றவருக்கு அது பிடித்ததா, அவர் கற்றாரா, வேலையில் அவர் நடந்துகொள்ளும் முறை மாறியதா, அதனால் நிறுவனத்துக்கு விளைந்தது என்ன. முதல் இரண்டையும் வகுப்பறையில் நானே பார்த்துக்கொள்வேன். மூன்றாவது படி உங்கள் கையில் இருக்கிறது. ஓரிடத்தில், இயந்திரத்தில் சிக்கிய பொருளை எடுக்குமுன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட வேண்டும் என்பதைத் தொழிலாளர்கள் நன்றாகக் கற்றுத் தேர்ச்சியும் பெற்றார்கள். அடுத்த வாரமே, பூட்டுப் போட நேரம் எடுத்துக்கொண்ட ஒருவரை, உற்பத்தி நின்றுவிட்டது என்று சொல்லி மேற்பார்வையாளர் எல்லோர் முன்னிலும் திட்டினார். அதன்பின் யாரும் பூட்டைத் தொடவில்லை. கோப்பில் எல்லாக் கையெழுத்துகளும் சரியாகவே இருக்கின்றன. வளர்ந்தவர்களுக்கு மறதி அதிகம் என்று இதற்கு விளக்கம் சொன்னார்கள். உண்மையில், எந்தப் பாடத்தை மேலிடம் மதிக்கிறது, எதை மதிக்கவில்லை என்பதைக் கண்டுகொள்வதில் வளர்ந்தவர்கள் குழந்தைகளைவிடக் கெட்டிக்காரர்கள்.

சட்டமும் இப்போது இந்தப் பக்கமே சாய்ந்திருக்கிறது. பயிற்சி முடித்தவருக்கு வழங்கப்படும், 2009-க்கு முந்தைய பழைய தகுதிச் சான்றுகளில் பெரும்பாலானவற்றின் பதிவு 2023 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. அவற்றின் இடத்துக்கு வரும் புதிய தொழில்தகுதிகளில் அறிவு, செய்முறை, பணியிட அனுபவம் என மூன்று பகுதிகள் உண்டு. இறுதியில் வெளியார் நடத்தும் தேர்வும் உண்டு. மூன்றாம் பகுதியைப் பயிற்சியாளர் எவரும் தம் பையில் கொண்டுவர முடியாது. அது உங்கள் தளத்தில்தான் நடக்க வேண்டும், நீங்கள்தான் அதற்குச் சான்று தர வேண்டும்.

எங்கள் தாத்தாக்கள் வேலை முடிந்து இரவு வகுப்பில் படித்துத்தானே முன்னேறினார்கள், இவர்களுக்கு மட்டும் என்ன என்று பெரியவர் சிலர் கேட்கிறார்கள். கொல்லத்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்து வணிகரான எம். எல். சுல்தான் கொடுத்த பொருளுதவியால் 1946-இல் டர்பனில் எழுந்த தொழில்நுட்பக் கல்லூரிக்கு நம் சமூகம் பட்டிருக்கும் கடன் பெரியது. இருந்தாலும், டர்பனின் புறநகர்களான உம்லாசியிலிருந்தோ இனாண்டாவிலிருந்தோ விடியுமுன் புறப்பட்டு டாக்ஸி மாறி மாறி வந்து, அதே வழியில் திரும்பும் ஒருவரை மாலையில் வகுப்பில் உட்கார வைத்தால் அவர் தூங்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். இந்த ஆண்டுத் திட்டத்தை எழுதுமுன் பயிற்சியாளரை அரை நாள் தளத்தில் நின்று வேலையைப் பார்க்க விடுங்கள். வகுப்புக்குப் பின் சில வாரங்களுக்கு, கற்றதைச் செய்து பழக ஷிஃப்ட் நேரத்துக்குள்ளேயே சிறிது நேரம் ஒதுக்குங்கள். மேற்பார்வையாளரையும் அதே வகுப்பில் உட்கார வையுங்கள். எனக்கு ஒன்றை மட்டும் கொடுப்பீர்கள் என்றால் இதைத்தான் கேட்பேன். பயிற்சியாளர் மறுபடி வந்து பார்ப்பதற்கும் ஊதியம் கொடுங்கள். நாள் கூலிக்கு வேலை செய்யும் என் போன்றோரின் நலமும் இதில் கலந்திருக்கிறது என்பதை நான் மறைக்கவில்லை.

இவ்வாறு செய்ய முன்வரும் நிறுவனங்களுடன் மார்ச் வரை காத்திராமல் இப்போதே பேசத் தயாராக இருக்கிறேன்.

இவண்,
பணியிடப் பயிற்சியாளர் ஒருவர்,
டர்பன்