விரல் மடங்கிய பிறகும் ஆர்டர் எடுக்கிறேன்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

முடக்குவாதத்தால் இரு கைவிரல்களும் மடங்கிப்போனபோது, தேன்குழல் பிழிவதையும் அதிரசம் தட்டுவதையும் ஆட்களிடம் விட்டுவிட்டேன். செல்பேசியில் வரும் கல்யாணப் பலகார ஆர்டர்களுக்கு என்னால் பதில் எழுத முடியவில்லையே என்பதுதான் அதைவிட அதிகமாக வாட்டியது. காரைக்குடியிலிருந்தும் தேவகோட்டையிலிருந்தும் வரும் ஆர்டர்களை இன்று மறுபடியும் நானே எடுக்கிறேன். அதற்குக் காரணமானவர்கள் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், பெயரில்லாமலேயே நன்றி சொல்கிறேன்.

முதல் நன்றி எங்கள் தெருவில் குடியிருக்கும் கல்லூரி மாணவிக்கு. திரையிலிருந்து என் விரல் மெதுவாகவே எழுவதால், நான் தொட்டதையெல்லாம் அழுத்திப் பிடித்ததாகப் போன் எடுத்துக்கொள்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் அக்செசிபிலிட்டி என்ற பகுதிக்குள், எவ்வளவு நேரம் தொட்டால் அழுத்திப் பிடித்ததாகக் கொள்வது என்ற நேர அளவைக் கூட்டி வைத்தார்; பாதித் தொல்லை அன்றே தீர்ந்தது. (அதற்கு முன்பு ஒரு கடையில் திரை பழுது என்று சொல்லிப் புதுத் திரை மாட்டிப் பணம் வாங்கியது தனிக்கதை.) ஒலியைக் கூட்டவும் போனைப் பூட்டவும் பக்கவாட்டுப் பொத்தான்களோடு மல்லாட வேண்டாமென்று, அவற்றைத் திரையிலேயே பெரிதாகக் காட்டும் மெனுவையும் வைத்துக்கொடுத்தார்.

ஜிபோர்டு விசைப்பலகையில் 2017 முதலே தமிழில் பேசி எழுத முடியும் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நான் ‘மனகோலம்’ என்று பலகாரத்தின் பெயரைச் சொன்னால் அது ‘மணக்கோலம்’ என்று எழுதிவிடுகிறது. யாருக்குக் கல்யாணம் என்று ஓர் ஆச்சி உடனே போன் செய்து கேட்டார்.

திரையிலுள்ள ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுக் காட்டி, அந்த எண்ணை ஆங்கிலத்தில் சொன்னால் திறந்துகொடுக்கும் வாய்ஸ் ஆக்சஸையும் பழகிப் பார்த்தேன். நல்ல வசதிதான், ஆனால் எண்ணெய்ச் சட்டி இரைகிற அடுக்களைக்கு அது ஒத்துவரவில்லை. அப்போது கைகொடுத்தவர் செல்போன் கடைத் தம்பி. ஓடிஜி இணைப்பி (போனின் சார்ஜர் துளையில் செருகும் சிறு இணைப்பி) வழியாகச் சாதாரண கணினி மவுஸைப் போனில் பொருத்தி, அம்புக்குறி ஓரிடத்தில் நின்றால் தானாகவே சொடுக்கும்படி அமைத்தார்; நின்று ஒரு நொடி ஆனபின் சொடுக்குமாறு வைத்துக்கொண்டிருக்கிறேன். மவுஸை உள்ளங்கையால் தள்ளினால் போதும். வாயால் சொல்லக் கூடாத யுபிஐ பின் எண்ணையும் இப்போது யாரிடமும் கொடுக்காமல் நானே போடுகிறேன். அன்று நான் அழுதுவிட்டதைத் தம்பி பார்த்தும் பாராதது போல இருந்தார். அதற்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

பழைய வீட்டு நிலைக்கதவுத் தேக்குத்துண்டை இழைத்துச் சாய்வுப் பலகை செய்துதந்த ஆசாரி அண்ணன் கூலி வாங்க மறுத்துவிட்டார். நான் சொல்லிச் சொல்லித் திருத்தி அனுப்பும்வரை பொறுத்திருந்த ஆச்சிமார் எவரும் ஆர்டரை வேறு கடைக்கு மாற்றவில்லை.

என்னைப் போலக் கை வழங்காதவர்கள் எவரேனும் இந்தப் பக்கம் இருந்தால், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் அடுப்பு அணைந்த பிறகு கடைக்கு வாருங்கள். மவுஸும் பலகையும் அங்கேயே இருக்கும். உட்கார்ந்து பழகிப் பார்க்கலாம்.

நன்றியுடன்,
பலகாரக் கடைக்காரி,
காரைக்குடி